ஆமெனுக்குப் பின் ஒரு சுற்று

வலது கை கைப்பிடியைச் சுற்றுகிறது. இடது கை தலைமுடி போன்ற செப்புக் கம்பியைப் பதமாக நழுவ விடுகிறது. அடைக்கலமேரியின் உதடுகள் மட்டும் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருக்கின்றன. மேசைக்கு அடியில் ஒரு கால்விரல் தரையை அழுத்துகிறது. ஒரு ஜெபம் முடிந்தது என்று அர்த்தம். ஒரு ஜெபத்துக்குப் பன்னிரண்டு சுற்று. பத்து விரலும் அழுத்தி எழுந்தால் ஒரு காயில், ஒரு கம்பிச்சுருள். நூற்றிருபது சுற்று, கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்சு ஓட்டிய சவரிநாதனுக்கு இவள் இரண்டாவது மகள். மூத்தவள் ஃப்ளோரன்ஸ் பெரம்பூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். இவளைக் கட்டியவரைக் கடல் கொண்டுபோக, இராயபுரத்தில் தாயிடமே திரும்பி வந்தாள். அன்று தொட்டுப் பதினொரு வருஷமாகக் காலடிப்பேட்டையில் அய்யாத்துரை அண்ணாச்சியின் ஷெட்டில் ரேடியோவுக்குக் காயில் சுற்றுகிறாள். வால்வு ரேடியோ நாளில் காயில் கட்டைவிரல் தடிமன் இருந்தது. டிரான்சிஸ்டர் வந்தபின் சுண்டுவிரல் நகத்தில் அடங்கிவிட்டது. கம்பி மூச்சுப் பட்டால்கூட அறுந்துவிடும். இவள் கையில் மட்டும் அறாது.

எண்ணத் தெரியாதவள் இல்லை. ஆனால் எண்ணத் தொடங்கினால் அறுபதுக்கு மேல் மனசு ஜன்னலைத் தாண்டிக் கடல் பக்கம் போய்விடுகிறது. "நம்பரு சொன்னா தூக்கம் வருது. மாதாவ கூப்ட்டா கை தானா போவுது" என்பாள்.

சுற்றிய காயிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது அவளுக்கு ஒரு பழக்கம். இது எந்த ஊர் டீக்கடைக்குப் போகுமோ, எந்தப் படகில் நனையுமோ என்று நினைப்பாள். முகம் தெரியாத ஒருத்தி எங்கோ விளக்கைத் தணித்துவிட்டு ரேடியோவைத் திருகுவாள். பாட்டு வரும். பாட்டுக்கு அடியில் தன் பத்து ஜெபமும் சுருண்டு படுத்திருக்கும். அவள் வீட்டில் ரேடியோ கிடையாது. அது ஒரு குறையாக அவளுக்குத் தோன்றியதும் இல்லை.

கோயிலில் ஜெபங்களையெல்லாம் புதுத் தமிழில் அச்சடித்துக் கொடுத்த வருஷம் அது. அக்டோபர் மாத ஜெபமாலையை மேரிதான் முன்னின்று சொல்ல வேண்டும் என்று மாதா சபையில் முடிவாயிற்று. நாக்கு தடுமாறக் கூடாதே என்று ஷெட்டில் சுற்றும்போதே புது ஜெபத்தைப் பாடம் பண்ணத் தொடங்கினாள்.

பாடம் பண்ணத் தொடங்கிய மூன்றாம் வாரம் ஒரு பெட்டி காயில் திரும்பி வந்தது. அதைப் பூட்டிய ரேடியோவில் முள்ளை வேறெங்கோ கொண்டுபோய் நிறுத்தினால்தான் மெட்ராஸ் நிலையம் பேசுகிறதாம். பெட்டிக்குள் இருந்த சீட்டு மேரியுடையது.

அண்ணாச்சி கத்தவில்லை. எண் காட்டும் கவுண்டர் ஒன்றை அவள் மிஷினில் பூட்டி, ஒன்று சுற்றச் சொன்னார். பத்தாவது கால்விரல் எழுந்தது. கவுண்டரில் நூற்றுப்பத்து. மறுபடி சுற்றினாள். நூற்றுப்பத்து. பக்கத்து மிஷின் ரோசி எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, மாதா தூங்கிட்டாங்களா?" என்று சீண்டினாள். மேரிக்குச் சிரிப்பு வரவில்லை.

அண்ணாச்சி கன்னத்தைச் சொறிந்துகொண்டார். "கை தப்புனா ஒருக்கா கூடும், ஒருக்கா கொறையும். இது ஒரே மாதிரில்லா கொறையுது" என்றார். பிறகு தரையைப் பார்த்தபடி மற்றதைச் சொன்னார். சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் அவள் பேக்கிங்குக்கு மாற வேண்டும். அந்த மிஷினுக்கு எண் பார்த்துச் சுற்றும் ஒரு பெண் வருவாள்.

மேரி கவுண்டரைப் பார்த்தும் சுற்றிப் பார்த்தாள். கண் எண்ணுக்குப் போனதும் கை திகைத்தது, கம்பி அறுந்தது. இரண்டு நாளில் பதினாறு முறை அறுந்தது. பேக்கிங் மேசையில் அட்டைப் பெட்டிகளை மடித்துக்கொண்டிருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே உட்கார்ந்தால் கை எதைச் சொல்லிக்கொண்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தாயும் மகளும் வழக்கம்போல் சேர்ந்தே ஜெபம் சொன்னார்கள். தாய் சிலுவையம்மாள் புதுத் தாளைத் தொட்டதுகூட இல்லை. வீட்டில் மேரியும் அவளுக்காகப் பழையதையே சொல்வாள். அன்று அலுப்பில் புதியது வாயில் வந்துவிட்டது. மேரி ஆமென் சொல்லும்போது தாய் இன்னும் ஜெபத்தின் கடைசியில் வரும் ‘மரண நேரத்திலும்’ என்ற சொல்லுக்கே வந்து சேரவில்லை. அடுத்ததிலும் அப்படியே.

"இன்னாடி அவ்ளோ அவசரம்? மாதா எங்கியும் ஓடிட மாட்டாங்க" என்றாள் தாய்.

மேரி அதற்கடுத்ததை முடித்துவிட்டுக் காத்திருந்தாள். தாய் முடிப்பதற்குள் மடியில் கிடந்த வலது கை தானாக ஒரு முறை சுற்றி வந்தது. ஒரே ஒரு முறை. ஜெபமாலையின் பத்தாம் மணி வரைக்கும் அப்படியே சுற்றிப் பார்த்தாள். எழுந்துபோய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தாள்.

சனிக்கிழமை அண்ணாச்சி பின்னால் வந்து நின்றார். மேரி கவுண்டரின் முகத்தை முந்தானையால் மூடிவிட்டுக் கண்ணை மூடினாள். புது ஜெபம், பதினொரு சுற்று, ஆமென். பிறகு உதடு அசையாமல் ஒரு சுற்று. அதன்பின்தான் கால்விரல் அழுந்தியது. பத்தும் முடிந்தபின் மேரி முந்தானையை விலக்க, அண்ணாச்சி குனிந்து பார்த்தார். நூற்றிருபது. இன்னொன்று சுற்றச் சொன்னார். அதுவும் நூற்றிருபது.

"என்னம்மா செஞ்சே?"

"எங்கம்மா முடிக்கட்டும்னு நின்னேன், அண்ணாச்சி."

அவருக்குப் புரிந்ததா என்று தெரியாது. கவுண்டரைக் கழற்றி ரோசியின் மிஷினுக்குக் கொண்டுபோனார்.

அக்டோபர் முதல் சாயங்காலம் கோயில் நிறைந்திருந்தது. மேரி முன்பாதியைச் சொல்ல, கூட்டம் பின்பாதியைச் சொல்லி ஆமென் என்று முடித்தது. எல்லாரும் அவள் வாயையே பார்த்திருந்தார்கள். பின்வரிசையில் தாயின் உதடு இன்னும் பழையதை முடித்திருக்கவில்லை. மேரி அடுத்ததைத் தொடங்கவில்லை. முந்தானைக்குள் வலது கை ஒரு முறை மெல்லச் சுற்றி வந்தது.