பதினெட்டாம் பக்கத்துக் கட்டுவிரியன்

யோகேஸ்வரிக்குப் பாம்பென்றால் படத்தில்கூட ஆகாது. தொலைக்காட்சியில் ஒன்று நெளிந்தால் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள். அப்படிப்பட்டவள் கையில்தான் ‘ஆபத்தான விலங்குகள்’ என்ற சிறுவர் வாசிப்புப் புத்தகம் வந்து சேர்ந்தது.

பதினோரு வருடம் மின்னணுத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்த்தவள் அவள். கண் வலி தாங்காமல் அதை விட்டுவிட்டு, மாலை வகுப்பில் சேர்ந்து புத்தகப் பக்கங்களை வடிவமைக்கக் கற்றுக்கொண்டாள். ஜொகூர் பாருவில் சதாசிவம் நடத்திய சின்னப் பதிப்பகத்துக்குக் கெலாங் பாத்தாவில் தன் வீட்டில் இருந்தபடியே பக்கம் கட்டிக் கொடுத்தாள். பிள்ளைகளுக்குத் தமிழில் இந்த மாதிரிப் புத்தகங்கள் குறைவு என்பதால் அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. முதலை, தேள், சொறிமீன் பக்கங்களை எல்லாம் ரசித்துத்தான் கட்டினாள். பாம்புப் பக்கங்கள் வந்தபோது மட்டும் படங்களைத் திரையில் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கி வைத்துக்கொண்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு வேலையை முடித்தாள்.

புத்தகம் அச்சாகிப் பதினோரு தமிழ்ப்பள்ளிகளுக்குப் போனது. பள்ளி விடுமுறை தொடங்கிய மறுநாள், சனிக்கிழமை காலையில், தனக்கு வந்த பிரதி ஒன்றைத் தங்கைக்கு அனுப்பலாம் என்று எடுத்தாள். கையிலிருந்து நழுவிய புத்தகம் பதினெட்டாம் பக்கத்தில் விரிந்து விழுந்தது.

‘இது சாரைப்பாம்பு. நஞ்சில்லாதது. எலிகளைத் தின்று நமக்கு நன்மை செய்கிறது. இதைக் கண்டு அஞ்ச வேண்டாம்.’

மேலே இருந்த படத்தில் உடம்பெல்லாம் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை பட்டையாய் ஒரு பாம்பு. அது கட்டுவிரியன். எதிர்ப்பக்கத்தில், ‘கட்டுவிரியன். கொடிய நஞ்சுள்ளது’ என்ற வரிக்கு மேலே அப்பாவிச் சாரை ஒன்று தலையைத் தூக்கிக்கொண்டிருந்தது.

யோகேஸ்வரி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வேறு யார்மேலும் பழி போட வழியில்லை. கண்ணை இடுக்கிக்கொண்டு படங்களை மாற்றி வைத்தவள் அவள்தான்.

சதாசிவத்துக்கு போன் போட்டாள்.

“அண்ணே, பெரிய தப்பு நடந்து போச்சு. ரெண்டு பாம்புப் படமும் மாறிப் போச்சு.”

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார். “அலமாக், போச்சா? சரி, நீ டென்ஷன் ஆகாதே லா. பள்ளி எல்லாம் லீவு. புக்கு அலமாரிக்குள்ளே கிடக்கும். பள்ளி தொறந்ததும் ஸ்டிக்கர் அடிச்சு ஒட்டிக்கலாம்.”

“யாராவது வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருந்தா?”

“பாம்பைப் பார்த்ததும் எந்தப் பிள்ளை புக்கைத் தேடி ஓடும், சொல்லு?”

அவர் சொன்னதில் நியாயம் இருக்கத்தான் செய்தது. ஆனால் அவள் மனம் அடங்கவில்லை. பதினோரு பள்ளிகளுக்கும் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினாள். சோறு இறங்கவில்லை. போன் ஒலிக்கும்போதெல்லாம் ஓடிப்போய் எடுத்தாள். சிங்கப்பூர் வேலை முடிந்து வந்த கணவன் மகேஸ்வரன், “ஒரு படத்துக்கு இவ்வளவு பயமா?” என்று கேட்டான்.

ஞாயிறு காலைக்குள் பத்துப் பள்ளிகளிலிருந்து பதில் வந்துவிட்டது. புத்தகங்கள் பத்திரமாகப் பூட்டிக் கிடக்கின்றன என்றார்கள். யோங் பெங் பக்கத்துப் பள்ளி ஒன்றுதான் பாக்கி. பத்து மணிக்கு அங்கிருந்து கஸ்தூரி டீச்சர் அழைத்தார்.

“லீவுல வாசிக்கச் சொல்லி ஒரு பிள்ளைகிட்ட கொடுத்து விட்டேங்க. சாந்தினின்னு மூணாம் ஆண்டு. செம்பனைத் தோட்டத்தை ஒட்டித்தான் வீடு. அவங்க அப்பாவுக்கு நாலு தரம் அடிச்சுட்டேன், லைனே கிடைக்கலை. நான் வேற ஈப்போவுல இருக்கேன்.”

“முகவரியை அனுப்புங்க டீச்சர். நானே போறேன்.”

மகேஸ்வரனுக்கு அன்றைக்கும் வேலை. அவள் தனியாகவே காரை எடுத்தாள். நெடுஞ்சாலையில் அவ்வளவு தூரம் அதுவரை தனியாக ஓட்டியதில்லை. கூலாயைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடித் துடைப்பான் என்ன வேகத்தில் ஆடினாலும் சாலை கலங்கலாகவே தெரிந்தது. மழைக்குப் பாம்புகள் மேடு தேடி வீட்டுப் பக்கம் வரும் என்று அதே புத்தகத்தில் எழுதியிருந்தது. அந்த வரியில் தப்பு ஒன்றும் இல்லை. மூன்றாம் ஆண்டுப் பிள்ளைக்கு ஒன்பது வயதிருக்கும், வாசித்ததை அப்படியே நம்புகிற வயது என்று நினைத்துக்கொண்டே ஓட்டினாள்.

வீட்டைக் கண்டுபிடிக்கும்போது மணி ஒன்றாகிவிட்டது. தகரக் கூரை வீடு. பின்புறம் பத்தடி தள்ளி, எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள் தொடங்கின. வாசலில் ஈரத்தைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தவர் சாந்தினியின் அப்பா அர்ச்சுனன். தோட்டத்தில் பழக்குலை லாரி ஓட்டுகிறவர்.

யோகேஸ்வரி தான் யார் என்று சொல்லி முடிக்கும் முன்பே, “பாப்பா எங்கேங்க?” என்று கேட்டாள்.

“உள்ளே இருக்கு. ரெண்டு நாளா என்கிட்ட பேசறதில்லை. என்னங்க விஷயம்?”

பிள்ளை இருக்கிறாள். அந்த ஒரு சொல்லில் யோகேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. படம் மாறிப்போனதைச் சொன்னாள். கேட்கக் கேட்க அர்ச்சுனனின் முகம் மாறியது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு மெல்லச் சொன்னார்.

“வெள்ளிக்கிழமை சாயங்காலம் துணி துவைக்கிற மெஷினுக்குப் பின்னாடி ஒண்ணு சுருண்டு கிடந்துச்சு. மஞ்சள், கறுப்பு. தலையைச் சுருளுக்குள்ளே மறைச்சுக்கிட்டுக் கிடந்துச்சு. பாப்பா புக்கைத் தூக்கிட்டு ஓடி வருது. ‘அப்பா, இது நல்ல பாம்பு, பயந்து போய் ஒளிஞ்சிருக்கு, நான் எடுத்து வெளியே விடறேன்’னு கையை நீட்டுது. இவ்வளவுதாங்க தூரம்.”

அவர் ஒரு சாண் அகலம் காட்டினார்.

“இழுத்துத் தள்ளிட்டு அடிச்சுட்டேன். எனக்கும் அது என்ன பாம்புன்னு தெரியாது. பயத்துல அடிச்சேன். அதுலேருந்து, ‘நீங்க புக்கைப் படிக்கலை, பாவம் அதைக் கொன்னுட்டீங்க’ன்னு அழுதுக்கிட்டே இருக்கு. நானும் தப்புப் பண்ணிட்டேன்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தேன்.”

யோகேஸ்வரி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். “என் தப்புங்க. நீங்க என்ன திட்டினாலும் சரி” என்றாள். அவர் திட்டவில்லை. உள்ளே திரும்பி, “சாந்தினி, புக்கை எடுத்துட்டு வா” என்று கூப்பிட்டார்.

பிள்ளை வந்தாள். வீங்கிய கண்கள். புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

“இந்தப் புக்கை ஆண்ட்டிதான் கட்டினேன், பாப்பா. இந்தப் பக்கத்துல படத்தை மாத்தி வச்சுட்டேன். நீ பார்த்தது கட்டுவிரியன். கடிச்சா உயிருக்கே ஆபத்து. அப்பா உன்னைக் காப்பாத்தியிருக்காரு.”

சாந்தினி படத்தைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். “ஆண்ட்டி நல்லாப் பார்த்து வைக்கலையா?”

“இல்லைம்மா. எனக்குப் பாம்புன்னா பயம். சரியாப் பார்க்கலை.”

“அப்ப மத்த பக்கமெல்லாம்?”

அந்தக் கேள்விக்கு யோகேஸ்வரி ஆயத்தமாக வரவில்லை. பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து முதல் பக்கத்தைத் திறந்தாள். முதலை சரியா? சரி. தேள்? சரி. ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக்கொண்டே போனாள். பாம்புப் பக்கங்கள் வந்தபோது யோகேஸ்வரி கண்ணைத் திருப்பிக்கொள்ளவில்லை. உடம்பெல்லாம் கூசியது. இருந்தாலும் குனிந்து ஒவ்வொரு படத்தையும் உற்றுப் பார்த்து, போனில் தேடி ஒப்பிட்டுச் சொன்னாள். கொண்டு வந்திருந்த பேனாவால் இரண்டு பெயர்களையும் அடித்து மாற்றி எழுதினாள்.

கரடிப் பக்கத்தில் பிள்ளை விரலை வைத்தாள். “தேன் கரடி மரத்துல ஏறாதுன்னு போட்டிருக்கு. நிஜமா?”

“தெரியலை” என்றாள் யோகேஸ்வரி. “கேட்டுச் சொல்றேன்.”

அதற்குப் பிறகுதான் சாந்தினி எழுந்து போய் அப்பாவின் கையைப் பிடித்தாள். அவர் அவள் தலையைத் தடவினார். புத்தகத்தைத் திருப்பித் தரும்படி யோகேஸ்வரி கேட்டபோது பிள்ளை கொடுக்கவில்லை. திருத்திய புத்தகம் தன்னிடமே இருக்கட்டும் என்றாள்.

தேன் கரடி நன்றாகவே மரமேறும். வனவிலங்குத் துறையில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவரிடம் விசாரித்து அறிந்துகொண்டு, மறுநாளே அர்ச்சுனனின் எண்ணுக்குக் குரல் செய்தி அனுப்பினாள் யோகேஸ்வரி. அது புத்தகத்தை எழுதியவரின் தவறு என்றாலும் அவளுக்கு ஆறுதலாக இல்லை. சதாசிவத்திடம் நடந்ததைச் சொன்னபோது, அந்த ஒரு சாண் தூரத்தைக் கேட்டதும் அவர் ஸ்டிக்கர் பேச்சையே விட்டுவிட்டார். மற்ற எல்லாப் பிரதிகளையும் திரும்ப வாங்கிப் புதிதாக அச்சடித்தார். விஷயம் தெரிந்த ஒருவர் பார்க்காமல் இனி ஒரு பக்கமும் கட்ட மாட்டேன் என்று அவள் சொன்னதற்கும் ஒத்துக்கொண்டார்.

அடுத்து வந்தது கடல் விலங்குகள் புத்தகம். பக்கங்களை இரண்டு பேர் சரிபார்த்தார்கள். அவளே ஒவ்வொரு படத்தையும் திரை முழுக்கப் பெரிதாக்கி மூன்று முறை பார்த்தாள். அச்சாகி வந்த கட்டு மேசைமேல் கிடந்தது. அதைப் பிரிக்கக் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தவள், மகேஸ்வரன் வேலை முடிந்து வரும்வரை தனியாகப் பிரித்துப் பார்க்கத் துணியாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.