திங்கட்கிழமைக்கு ஒரு சட்டை

உள்ளறையில் டமால் என்று ஒரு சத்தம். தொடர்ந்து, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று கணவரின் குரல்.

தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த டெய்லரக்கா காலை நிறுத்தினாள். அந்த மனிதர் இரண்டு தடவை ஒண்ணுமில்லை என்றால் ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது என்று அர்த்தம். போய்ப் பார்த்தாள். துணி போட்டுப் பார்க்க வருகிறவர்களுக்காக மாட்டியிருந்த ஆளுயரக் கண்ணாடியைக் கழற்றி, கட்டிலுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தார். கண்ணாடி உடையவில்லை. அவருடைய கட்டைவிரல்தான் நசுங்கியிருந்தது.

சட்டை போட்டுப் பார்க்க வரப்போகிறவள் பாலர் பள்ளி டீச்சர். சமையலறையில் காஸ் பற்றிக்கொண்டதில் ஒரு கன்னமும் கழுத்தும் வெந்துபோனவள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவள் அதன் பிறகு இன்றுவரை வாசலைத் தாண்டவே இல்லை. திங்கட்கிழமை வேலையில் சேராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். கழுத்தை முழுசாக மூடும் சட்டை ஒன்று வேண்டும் என்று பழைய சட்டையைத் தன் அண்ணனிடம் அளவுக்குக் கொடுத்தனுப்பியிருந்தாள். கண்ணாடியைப் பார்த்து அந்தப் பெண் மனமுடைந்துவிடக் கூடாதே என்று கணவருக்குக் கவலை. துணி கம்பெனி வேலையில் கொதிநீராவி சீறி, டெய்லரக்கா முகமும் கையும் வெந்து கிடந்த நாட்களிலும் அவர் இதையேதான் செய்தார். பாவம், அன்பைக் காட்ட அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

டீச்சர் வந்தாள். கண் மட்டும் தெரிய முகத்தைச் சுற்றித் துப்பட்டா. டெய்லரக்காவின் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"நல்லா பாரும்மா. எல்லாரும் ஓரக்கண்ணால பாக்கிறாங்க. நீயாவது நேரா பாரு."

டீச்சர் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகத் துப்பட்டாவை இறக்கினாள்.

அளவு பார்ப்பதற்காக ஓட்டுத்தையல் மட்டும் போட்டு வைத்திருந்த சட்டையை டெய்லரக்கா மாட்டிவிட்டாள். புதுத்தோலில் தையல் உரசினால் உயிர் போகும் என்பது பட்டவளுக்குத் தெரியாதா? காலரின் உட்பக்கம் வெளுத்துத் தேய்ந்த பருத்தித் துணி வைத்து, மடிப்பை வெளியே தள்ளியிருந்தாள். ஒட்டிப்போன இரண்டு விரல்களோடு அவள் பட்டன் போட்ட வேகத்தை டீச்சர் வியப்போடு கவனித்தாள்.

"அக்கா, பிள்ளைங்க என்னைப் பாத்துக் கத்துவாங்களா?"

"கத்தும். எங்க அண்ணன் மகன் கத்தினான். நான் பாத்ரூமுக்குள்ள போய் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு அழுதேன். சாயங்காலம் அதே பையன் என் மடியிலதான் தூங்கினான். முதல் நாள் கஷ்டம்மா. பொய் சொல்ல மாட்டேன்."

டீச்சரின் கண்கள் நிறைந்தன. தீப்பிடித்தபோது ஆண்டவர் எங்கே இருந்தார் என்று கேட்டாள். கேட்டுவிட்டு, தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று பயந்தவள்போல் உதட்டைக் கடித்தாள்.

"நானும் கேட்டேன். இன்னும் பதில் வரல. ஆனா போதகரம்மா வந்தாங்க. வசனம் எதுவும் சொல்லல. தினமும் வந்து, புண்ணு எரியாம இருக்க விசிறிவிட்டுட்டே உக்காந்திருப்பாங்க. ஒரு கை வலிச்சா அடுத்த கைக்கு மாத்திக்குவாங்க. ஆண்டவர் என்னைக் கைவிட்டுட்டார்னு அதுக்கப்புறம் என்னால சொல்ல முடியல."

டீச்சர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சட்டை எப்படி இருக்கிறதென்று பார்க்க வேண்டும், கண்ணாடி இல்லையா என்றாள்.

டெய்லரக்கா கணவரைப் பார்த்தாள். அவர் விட்டத்தைப் பார்த்தார். கடைசியில் வேறு வழியில்லாமல் கட்டிலுக்கு அடியில் குனிந்தார். கண்ணாடியோடு, பளபளவென்று தேய்த்த எவர்சில்வர் தட்டுகள், தாம்பாளம், டிபன் மூடி எல்லாம் கடகடவென்று உருண்டு வந்தன.

"அதுலயும் முகம் தெரியுமேன்னு..." என்று இழுத்தார்.

"நல்லவேளை, தண்ணிக்குடத்தை விட்டுவச்சீங்க" என்றாள் டெய்லரக்கா.

டீச்சர் சிரித்துவிட்டாள். விபத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு. கன்னம் இழுத்து வலித்தது, கையால் தாங்கிக்கொண்டே சிரித்தாள். அப்படியே கண்ணாடி முன் நின்றாள். சிரிப்பு அடங்கியது. முகத்தைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள். டெய்லரக்கா கண்ணாடியில் தெரிந்த அவள் கண்களையே கவனித்தாள். இந்தப் பெண் அழுதுகொண்டே ஓடிவிட்டால் திங்கட்கிழமையும் போச்சு, எல்லாம் போச்சு.

"அக்கா, காலரைக் கொஞ்சம் கீழ இறக்கிடலாமா? வகுப்புல ஃபேன் சரியா ஓடாது. கழுத்து புழுங்கும்."

டெய்லரக்கா சாக்கட்டியால் கோடு போட்டாள். அது கோணலாக விழுந்தது. அழித்து மறுபடி போட்டாள். பிறகு, ஒரு சின்ன ஜெபம் பண்ணட்டுமா, வேண்டாம் என்றால் விட்டுவிடலாம் என்றாள். டீச்சர் தலையசைத்தாள்.

"ஆண்டவரே, திங்கட்கிழமை இந்தப் பிள்ளைகூட நீங்களும் பள்ளிக்கூடத்துக்குப் போங்க. ஆமென்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தானே வந்து வாங்கிக்கொள்வதாகவும், அண்ணனை அனுப்பப் போவதில்லை என்றும் சொல்லிவிட்டு டீச்சர் படியிறங்கினாள். தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்ற கணவர், உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடியைப் பழைய இடத்திலேயே மாட்டினார்.