அண்ணை என்று கூப்பிட்டவன்

அப்பாவின் இறுதிக்கிரியையில் அவருடைய மற்ற மகனை நான் பக்கத்தில் அமர விடவில்லை. அப்பாவுக்கு இரண்டு மனைவியர். நான் மூத்தவரின் பிள்ளை. சட்டன் என்ற ஊரின் மண்டபத்தில், ஐயர் அவனுக்கும் தர்ப்பை எடுத்தபோது, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "இவன் ஆரின்ர பிள்ளையெண்டு தாய்க்குத்தான் தெரியும்."

அவன் தாய் அங்கேதான் நின்றார். அவன், "சரி அண்ணை" என்று சொல்லிவிட்டுப் பின்வரிசைக்குப் போனான். கடைக்காரரையும் அண்ணை என்று கூப்பிடுபவர்கள் நாங்கள். அதனால் அந்தச் சொல்லை நான் பொருட்படுத்தவில்லை.

பல வருடங்களின் பின் ஒரு கட்டுரை வாசித்தேன். மோர்மன் மதத்தின் முதல் தலைவருக்கும் பல மனைவியர். அவர் பிள்ளைகள் என்று பேசப்பட்ட சிலரின் வழித்தோன்றல்களைச் சோதித்தபோது, அவர் தகப்பன் அல்ல என்று டிஎன்ஏ காட்டியதாம். எனக்கும் அப்படி ஒரு முடிவு வேண்டியிருந்தது. அவனைக் கேட்டேன்.

"உங்களுக்குத்தான் சந்தேகம், அண்ணை. பாருங்கோ" என்று எச்சிலைக் குழாயில் துப்பித் தந்தான்.

ஒரே தகப்பன் என்று முடிவு வந்தது.

தோர்ண்டன் ஹீத் என்ற ஊரில் இருந்த அவன் வீட்டுக்குப் போனேன். சுவரில் அவன் தாயின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. "தம்பி, என்னை மன்னிச்சுக்கொள். இந்த முறை அப்பாவின்ர திவசத்தை நீதான் செய்ய வேணும்" என்றேன்.

"ஏலாது. அம்மா இருக்கேக்கை வந்து சொல்லியிருக்க வேணும்" என்றான். பிறகு கோப்பையை என் பக்கம் தள்ளினான். "தேத்தண்ணி ஆறுது, ஐயா. குடியுங்கோ."

அதன்பின் அவன் என்னை ஒருமுறையும் அண்ணை என்று கூப்பிட்டதில்லை.