மடிப்புக்குள் இருந்த சிவப்பு

என் மகளின் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கு ஸ்காட்லாந்துக் கட்டம் போட்ட ஸ்கர்ட். டார்ட்டன் என்பார்கள். கரும்பச்சை, கருநீலம், நடுவே மெல்லிய சிவப்புக் கோடு. இந்த அரபு நாட்டு அல் குசைஸ் வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைக்கு எதற்குக் குளிர்தேசத்து உடுப்பு என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

வளர்கிற பிள்ளை என்று எல்லா அம்மாக்களும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஐந்தாம் வகுப்பில் பெரிய அளவாக வாங்கி, கீழே நாலு விரல் அகலத்துக்கு உள்ளே மடித்துத் தைத்தேன். ஏழாம் வகுப்பில் முழங்கால் தெரியவே மடிப்பைப் பிரித்துவிட்டேன். அங்கேதான் வந்தது வினை. வாஷிங் மெஷினிலும் பால்கனி வெயிலிலும் கிடந்து மேல்பகுதி வெளிறிப் போயிருந்தது. மடிப்புக்குள் ஒளிந்திருந்த பகுதியோ வாங்கிய அன்றிருந்த நிறத்திலேயே பளிச்சென்று இருந்தது. சேலைக்குக் கரை வைத்ததுபோல் தெரிந்தது.

புதிது வாங்கலாம் என்றால் பள்ளி சொன்ன ஒரே கடையில் ஸ்டாக் இல்லை. “மாஃபி, இல்ல, அடுத்த மாசம் வாங்க” என்றான் கடைக்காரன். ஆண்டு விழாவோ அடுத்த வாரம். வரவேற்புப் பாட்டின் முதல் வரியைத் தனியாகப் பாட என் மகளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். குளியலறையில், லிஃப்டில், சாப்பாட்டு மேசையில் எல்லாம் அந்த ஒரு வரிதான்.

ஒத்திகையில் பள்ளி சூப்பர்வைசர் அம்மாள் ஸ்கர்ட்டைப் பார்த்துவிட்டு அவளை மேடையிலிருந்து இறக்கிவிட்டார். நான் அவர் அலுவலகத்துக்கு ஓடினேன். கோயம்புத்தூர்க்காரர், நம் ஊர்ப் பெண், சொன்னால் புரியும் என்று நினைத்தேன். அவர் அலமாரியிலிருந்து பள்ளியின் மாதிரித் துணித்துண்டை எடுத்தார். பாலித்தீன் உறை போட்டுச் சாமி படம் மாதிரி வைத்திருந்தார். என் மகளை நாற்காலிமேல் ஏற்றி நிறுத்தி, துண்டை ஸ்கர்ட்டில் மேலும் கீழும் வைத்து வைத்துப் பார்த்தார். அலுவலகத்தில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

“கீழ நாலு விரல் கரெக்டா மேட்ச் ஆகுதுங்க. மேல இருக்கறது நம்ம ஸ்கூல் டார்ட்டனே இல்லீங்க.”

“தொவைச்சா சாயம் போகத்தானே செய்யும் மேடம்? எல்லாப் பிள்ளைகளுக்கும் போயிருக்கே!”

“அவங்களுக்கு மேலயிருந்து கீழ வரைக்கும் ஒரே மாதிரி போயிருக்குதுங்களே” என்று சிரித்தார்.

என் மகள் நாற்காலியிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவளை இறங்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

முதல் வரியை வேறொரு பிள்ளை பாடினாள். நன்றாகத்தான் பாடித் தொலைத்தாள்.

அடுத்த மாதம் புது ஸ்டாக் வந்தது. மில்லை மாற்றிவிட்டார்களாம். சிவப்புக் கோடு ஆரஞ்சாக இருந்தது, பச்சை பாசி நிறத்தில் இருந்தது. எனக்குக் கொண்டாட்டம். வாங்கி மாட்டிவிட்டு, மகளைக் கையோடு இழுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். “இப்ப அந்த ஒரிஜினலை எடுத்து வச்சுப் பாருங்க மேடம்” என்றேன்.

பாலித்தீன் உறைக்குள் அதே புதுத் துணியில் ஒரு துண்டு இருந்தது. பழைய துண்டால் அவர் வெள்ளைப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இப்பதான் பர்ஃபெக்ட்” என்று என் மகளின் கன்னத்தைத் தட்டினார்.

“தேங்க் யூ மேம்” என்றாள் அவள். பயந்து சொல்லவில்லை, மனதாரச் சொன்னாள். அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.