என் எழுத்தின் மேல் காரப்பொடி

கல்லில் பெயர் வெட்டுகிறவனுக்கு எஜமானர்கள் இரண்டு பேர்: ஒருவர் செத்துப்போனவர், வாயே திறக்கமாட்டார், இன்னொருவர் அவருக்கு வேண்டியவர், வாயை மூடவே மாட்டார். பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டைக்குப் பக்கத்தில் பட்டறை போட்டு, அவர்களுடைய கல்லறைகளுக்கு எழுத்து வெட்டிப் பிழைக்கிறவன் நான். கைத்தொழில் செய்து ஊரார் வாயில் விழுந்து எழுந்திருக்கும் சகபாவிகளே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும்.

எழுத்துக்குச் செருப்பு

கோட்டையிலிருந்து பெயரைத் தாளில் எழுதித் தருவார்கள். இறகால் கீறிய எழுத்து, தலைமயிர் மாதிரி இருக்கும். அதை அப்படியே கல்லில் வெட்ட முடியுமா? நான் வெட்டுவது புடைப்பு எழுத்து. சுற்றியுள்ள கல்லையெல்லாம் கொத்தி எடுத்துவிட்டு எழுத்தை மட்டும் மேலே நிற்கவைக்க வேண்டும். மெல்லிசான கோடு உளி பட்டாலே தெறித்துவிடும். தப்பித்தவறி நின்றாலும் கடல்மணல் அடித்து அடித்து மழுங்கிப்போகும். அதனால் நானே ஓர் எழுத்து வகுத்தேன். ஒவ்வொரு கோடும் இரண்டு விரல் தடிமன். கோடு முடிகிற இடமெல்லாம் மீன்வால் போல விரிந்து, தட்டையாகக் கால் ஊன்றி நிற்கும். வட்ட எழுத்தின் வயிற்றில் ஒரு கொடி ஓடும். அவர்கள் பாஷை எனக்குத் தெரியாது, வடிவம் தெரியும். எல்லா எழுத்துக்கும் ஒரே கால், ஒரே வால் வரும்படி பலகையில் கரியால் போட்டுப் போட்டு அழித்ததில் ஒரு கோடைக்காலமே போயிற்று.

கோட்டைக்கும் ஊருக்கும் நடுவே பேச்சை மாற்றிச் சொல்லும் துபாஷி வந்து பார்த்தார். மூக்கின் மேல் விரலை வைத்தார். பாராட்டப் போகிறார் என்று நானும் மடையன் மாதிரி காத்திருந்தேன்.

"யோவ் ஆசாரி, செத்தவரே வெறுங்காலோட போறாரு, அவரு பேருக்கு எதுக்குய்யா செருப்பு?"

ஒல்லியான மனுஷன்

கிடங்கு பார்த்துவந்த துரை காய்ச்சலில் போய்விட்டார். அவருடைய சம்சாரம் இதே ஊரில் பிறந்து வளர்ந்தவர், நம்மைப் போலவே பேசுவார். ஒரே மகள் கடல் தாண்டிப் பத்தாவியாவில், ஒல்லாந்தரின் இன்னொரு கோட்டை ஊரில் இருக்கிறாள். அடுத்த கப்பலில் மகளிடம் போகும் இந்த அம்மா திரும்பி வரப்போவதில்லை. புருஷன் மேல் கல்லைக் கிடத்திப் பார்த்துவிட்டுத்தான் கப்பலேறுவேன் என்றார். "இந்தப் பேரு மறையவே கூடாது ஆசாரி" என்று ஒன்றைத்தான் கேட்டார்.

மறையாமல் இருக்கத்தானே இந்த எழுத்தே! முதல் வரி முடிந்ததும் பெருமையாகக் கூப்பிட்டுக் காட்டினேன். கல்லை ஒருமுறை சுற்றி வந்த அந்த அம்மாவின் முகம் சுண்டிவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருஷனைப் பறிகொடுத்தவரிடம் கத்தவா முடியும்?

"எங்க வூட்டுக்காரரு எவ்ளோ ஒல்லி! இதைப் பார்த்தா யாரோ குண்டு மனுஷன் படுத்திருக்கான்னு நெனைப்பாங்களே?"

மணல் ஒட்டாத கருவாடு

இதற்கெல்லாம் மேல் ஒருத்தி, கோட்டைக்குப்பம் முனியம்மா. மீன் காயவைத்துப் பொன்னேரியில் விற்கிறவள். நான் கொல்லனிடம் போய் உளிகளுக்கு முனை தட்டிக்கொண்டு வெயில் ஏறித் திரும்பினால், கல்லின் மேல் வரிவரியாகக் காரப்பொடி, விரல் நீளப் பொடிமீன்! துரையின் பெயர் முழுக்க மீன்.

"அடிப்பாவி, இது சாவுக் கல்லும்மே!" என்று அலறினேன். அவள் பாட்டுக்கு மீனைத் திருப்பிப் போட்டாள். "இன்னாத்துக்கு நைனா கூவற? மணல்ல போட்டா நறநறன்னுது, எவனும் வாங்க மாட்டேன்றான். உன் எழுத்து மேல போட்டா அடியில காத்து பூந்து வருது" என்றாள். ஒரு மீனைத் தூக்கிக் காட்டினாள். அதன் வயிற்றில் என் மீன்வால் அச்சாகப் பதிந்திருந்தது. அவளை விரட்டினேன். மறுநாளும் வந்தாள், இரண்டு கூடையோடு!

"சந்தையில இன்னா கேக்கறாங்க தெரியுமா? 'அந்த வால் போட்ட கருவாடு இருக்கா'ன்றாங்க!"

காலை வெட்டு

நாற்றம் கோட்டைக்குள் போய்விட்டது. துபாஷி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். புதிதாக வந்த துரை பார்த்துவிட்டாராம், மீனை இழுப்பதே இந்தத் தடி எழுத்துதான் என்றாராம். கால்களையெல்லாம் கொத்தி எறிந்து எழுத்தை மெல்லிசாக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் என் கல்லைப் படிக்கல்லாகப் போட்டுவிட்டு, அவர்கள் தேசத்திலிருந்து வேறு கல் வருமாம். அது வருவதற்குள் அந்த அம்மா பத்தாவியா போய்ச் சேர்ந்திருப்பார். புருஷனைப் பெயரில்லாமல் மண்ணில் விட்டுவிட்டுப் போக வேண்டும். இவர்களுக்கு மனசு என்று ஒன்று இருக்கிறதா, இல்லையா? காலை வெட்டினால் எழுத்து எத்தனை நாளைக்கு நிற்கும் என்று துபாஷியிடம் சண்டைக்கே போய்விட்டேன்.

"துரை இங்க ரெண்டு வருஷம்தான்யா இருக்கப்போறாரு, அதுவரைக்கும் நின்னா போதும்."

கப்பலுக்கு முன்னால்

கப்பல் வந்து நின்றுவிட்டது. காலை வெட்டுவதா, கல்லையே இழப்பதா என்று அந்த அம்மாதான் சொல்ல வேண்டும். அவர் வருகிற நேரம் பார்த்தா முனியம்மா கூடையோடு வந்து நிற்பாள்! போய்விடு என்று கண்ணைக் காட்டினேன். அவளோ கொஞ்சமும் கூசாமல், துடைப்பத்தால் கல்லைக் கூட்டி, எழுத்து இடுக்கில் இருந்த மணலை நகத்தால் நோண்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"தினம் இப்படித்தான் கூட்டுவியா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"கூட்டாம? ஒரு பொட்டு மணல் இருந்தாலும் மீன்ல ஏறிடுமே!"

அந்த அம்மா கல்லறைத் தோட்டத்துப் பக்கம் பார்த்தார். போன வருஷம் கிடத்திய கற்கள் பாதி மணலுக்கு அடியில் கிடந்தன. குனிந்து, புருஷன் பெயரின் முதல் எழுத்தைத் தடவினார். அழுதுவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"காலை வெட்டாதீங்க ஆசாரி, துரைகிட்ட நான் பேசிக்கறேன். நான் போயிட்டா அங்க மணலைத் தள்ள யாரு இருக்காங்க? இவளை அங்கயே வந்து மீன் காயப்போடச் சொல்லுங்க."

கல் காலோடு கல்லறைத் தோட்டம் போய்ச் சேர்ந்தது, முனியம்மாவின் கூடையும் பின்னாலேயே போயிற்று. ஒரு கோடைக்காலம் முழுக்க உட்கார்ந்து நான் வகுத்த எழுத்தை இன்றைக்கும் தவறாமல் தினம் குனிந்து பார்க்கிறவள், அதில் ஒன்றைக்கூடப் படிக்கத் தெரியாத முனியம்மா ஒருத்திதான், சகபாவிகளே, அதுவும் மீன் காய்ந்துவிட்டதா என்று பார்க்க!