மருமகள் கொண்டுவந்த பங்கு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தள்ளிப்போட்டுவிட்டேன். பேனாவை எடுப்பேன், அஸர் பாங்கு கேட்கும், தொழுதுவிட்டு வந்தால் எழுத மனம் வராது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். தெற்குவாசல் பக்கம் ஆட்டோவுக்கு சீட் தைக்கிற கடை வைத்திருக்கிறேன். எழுத்துக் கூச்சம் ஒரு பக்கம்; எழுதினால் ஒரு பெண்ணின் மேல் பேச்சு வருமோ என்ற பயம் இன்னொரு பக்கம். இப்போது எழுதாமல் விட்டதால்தான் பேச்சு வந்திருக்கிறது. அதனால் அல்லாஹ்வின் பெயர் சொல்லித் தொடங்குகிறேன்.

என் மகன் ஆட்டோ மெக்கானிக். நம் தெருவில் ஓடுகிற அதே மூன்று சக்கர வண்டி தென் அமெரிக்காவில் பெரு நாட்டிலும் ஓடுகிறது. அங்கே மலை மேல் ஒரு ஊரில் பட்டறை வேலை என்று அழைப்பு வந்தது. "இங்க இருக்கிற ஆட்டோவெல்லாம் சரியாப் போச்சாக்கும்? கடலைத் தாண்டிப் போய்த்தான் நட்டு முடுக்கணுமா?" என்று என் அக்கா கேலி செய்தாள். சிரித்துக்கொண்டே போனான். அந்த ஊர்ப் பெண் ஒருத்தி கலிமா சொல்லி இஸ்லாத்தில் சேர்ந்து அவனுக்கு மனைவியானாள். பள்ளிவாசல் இருக்கிற ஊருக்கு மலையிறங்கிப் போய் நிக்காஹ் செய்துகொண்டார்கள். செல்போனில்தான் நாங்கள் பார்த்தோம்.

பிறகு ஒரு குளிர்காலத்தில் அவனுக்கு நெஞ்சில் சளி கட்டியது. அந்த உயரத்தில் மூச்சு போதவில்லை. அங்கேயே அடக்கம் செய்தார்கள். நான் மண் போடவில்லை. அவன் அம்மா முகம் பார்க்கவில்லை.

கணவனை இழந்தவள் இருக்க வேண்டிய நான்கு மாதம் பத்து நாள் இத்தா முடிந்து, அடுத்த பக்ரீதுக்கு முந்தின நாள் மருமகள் மதுரைக்கு வந்தாள். நிலைப்படியில் நின்று "வாரேன் மாமா" என்றாள். "வந்து நின்னுக்கிட்டே வாரேங்கிறா" என்று அக்கா முணுமுணுத்தாள். என் மகன் சொல்லிக்கொடுத்த தமிழ் கொஞ்சம்தான். மிச்சத்தை என் இளைய மகள் செல்போனில் தட்டித் தட்டிப் புரியவைத்தாள். மகள் அப்போது நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் யுனிவர்சிட்டியில் படித்துக்கொண்டிருந்தாள்.

மருமகள் பெட்டியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து, இரண்டு கையாலும் என் மனைவியிடம் நீட்டினாள். ஏர்போர்ட்டில் எப்படித்தான் விட்டார்களோ!

"சார்க்கி" என்றாள்.

மகள் தேடிப் பார்த்துச் சொன்னாள். "காய வச்ச கறிம்மா. நம்ம உப்புக்கண்டம் மாதிரி. இவங்க அம்மா பேசுற பாஷை கெச்சுவா. சார்க்கின்னா அந்தப் பாஷையில காஞ்ச கறி. ஸ்பெயின்காரங்க வந்தப்ப அந்தப் பேரை அப்படியே எடுத்துக்கிட்டாங்க. அதுதான் இங்கிலீஷ்காரங்க வாயில ஜெர்க்கின்னு ஆயிருக்கு. சூப்பர் மார்க்கெட்ல பாக்கெட்ல விக்கிறாங்கள்ல, அதோட பேரு இவங்க மலையில இருந்து போனதுதான்."

எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. நாம் உப்பை வைத்துப் பெயர் சொல்கிறோம். அவர்கள் காய்ந்ததை வைத்துச் சொல்கிறார்கள். உப்பிட்டுக் காய வைப்பது என்னவோ ஒன்றுதான்.

அக்கா மட்டும் பையைத் தொடவில்லை. "எந்த மிருகமோ, யாரு அறுத்ததோ. அல்லாஹ் பேரைச் சொன்னாங்களோ இல்லையோ. அடுப்படிக்குள்ள கொண்டாராதீங்க" என்றாள்.

அக்கா கெட்டவள் இல்லை. பேணுதல் உள்ளவள். சந்தேகமான கறி இந்த வீட்டுப் பாத்திரத்தில் பட்டதில்லை. என் மனைவி பையை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்த் தண்ணீர்த் தொட்டி ஓரம் வைத்தாள். தூக்கிப் போட மனமில்லை. யார் அறுத்தது என்று அந்தப் பெண்ணிடம் எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

பெருநாள் வந்தது. ஆடு அறுத்து குர்பானி கொடுத்தோம். வழக்கப்படி மூன்று பங்கு பிரித்தோம்: ஏழைகளுக்கு ஒன்று, சொந்தக்காரர்களுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. வீட்டுப் பங்கில் மிஞ்சியதை மறுநாள் உப்புக்கண்டம் போட்டாள் என் மனைவி. கொழுப்பை நீக்கி, நீளநீளமாக அறுத்து, கல் உப்பும் மஞ்சளும் மிளகாயும் அரைத்துப் பிசிறி, நூலில் கோத்து மாடிக் கொடியில் தொங்கவிட்டாள். காக்காய்க்குப் பயந்து கையில் கம்போடு நிழலில் உட்கார்ந்தாள். அக்காவும் மகளும் பக்கத்தில் இருந்தார்கள். நான் கடைக்குப் போகாமல் கொடிக்கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

மருமகள் மாடிக்கு வந்தாள். தொங்குகிற கறியைப் பார்த்தாள். தொட்டி ஓரத்தில் வெயிலில் இருந்த தன் பையையும் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது. வீட்டுக் கறியோடு தன் கறியையும் வெயிலில் வைத்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டாள். நாங்கள் அதை விலக்கி வைத்தது அவளுக்கு எப்படித் தெரியும்? பையை அவிழ்த்தாள். உப்புப் பூத்து வெளுத்த பட்டை பட்டையான துண்டுகள். ஒன்றை எடுத்து எங்கள் கொடியில் போடக் கை நீட்டினாள்.

"தொடாதடி! குர்பானிக் கறியில கலந்துறாத!"

அக்கா எழுந்தே விட்டாள். மருமகளுக்குச் சொல் புரியவில்லை. முகம் புரிந்தது. நீட்டிய கையை மடக்கி, அந்தத் துண்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். பிறகு தனக்குத் தெரிந்த தமிழை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சொன்னாள்.

"அவரு... அறுத்தாரு. ஆடு. பெருநா. பிஸ்மில்லா, அல்லாஹு அக்பர். மூணு பங்கு. இது அம்மா பங்கு."

மகள் செல்போனில் தட்டி மிச்சத்தைக் கேட்டுச் சொன்னாள். போன பக்ரீதுக்கு அந்த மலையில் என் மகன் தன் கையால் அறுத்த குர்பானி அது. சொந்தக்காரர் பங்கை அனுப்ப வழியில்லாமல், அந்த ஊர் வழக்கப்படி பகல் வெயிலிலும் ராத்திரிப் பனியிலும் காய வைத்து எங்களுக்காக எடுத்து வைத்திருக்கிறான். ஊருக்கு வரும்போது கொண்டுவர நினைத்திருக்கிறான்.

அக்கா குரலைத் தாழ்த்தி, "தம்பி, சொன்னாப் போதுமா? பாத்தது யாரு?" என்று என்னைக் கேட்டாள். அவள் கேட்டதும் நியாயம்தான். மருமகள் என் முகத்தையும் என் மனைவி முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். இதை ஏற்காவிட்டால் அவளையும் ஏற்கவில்லை என்றுதான் ஆகும். அது அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்தது.

என் மனைவி கம்பைக் கீழே வைத்தாள்.

"மதினி, இவ கலிமா சொன்னதை நம்ம யாரு பாத்தோம்? நம்பித்தான வீட்டுக்குள்ள விட்டோம்? கறிக்கு மட்டும் சாட்சி கேக்கணுமா?" என்று அக்காவிடம் கேட்டாள். மருமகள் கையிலிருந்த துண்டை வாங்கி, எங்கள் கொடியிலேயே நடுவில் போட்டாள். "வா தாயி, மிச்சத்தையும் எடு" என்றாள்.

மருமகள் அப்போதுதான் அழுதாள். மகன் போனதிலிருந்து கண்ணீர் வராமல் இருந்த என் மனைவியும் அழுதாள். மக்ரிப் தொழுகைக்குப் போனபோது பள்ளிவாசல் இமாம் ஹஸ்ரத்திடம் சொன்னேன். "முஸ்லிமான பொண்ணு சொல்றா. அல்லாஹ் பேரைச் சொல்லிச் சாப்பிடுங்க பாய்" என்றார்.

மறுநாள் அதை ஊற வைத்து, கழுவி, உருளைக்கிழங்கு போட்டு அவர்கள் ஊர் முறையில் மருமகளே ஆக்கினாள். என் மனைவி முதல் கிண்ணத்தை அக்காவிடம் கொடுத்தாள். "சொந்தக்காரங்க பங்கு மதினி. உங்களுக்கும் உண்டு."

அக்கா கிண்ணத்தை வாங்கிக் கீழே உட்கார்ந்தாள். பிறகு பிஸ்மில்லாஹ் சொல்லி வாயில் வைத்தாள். "உப்புக் கூடப் போட்டுட்டான், கிறுக்குப் பய" என்றாள்.

மருமகள் தன் தாயிடம் திரும்பிப் போய்விட்டாள். அவளுக்கென்று ஒவ்வொரு பக்ரீதுக்கும் எங்கள் மாடிக் கொடியில் ஒரு சரம் தனியாகக் காய்கிறது.

சொந்தங்களுக்குள் இந்தக் கதை இப்போது வேறு மாதிரி சுற்றுகிறது. பையைத் திறந்ததும் ஜவ்வாது மணந்ததாகச் சிலர் சொல்கிறார்கள். மணக்கவில்லை, காய்ந்த கறி வாசம்தான் வந்தது. விலக்கப்பட்டதைத் தின்றோம் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் அந்தப் பெண்ணைப் பொய்க்காரி ஆக்குகிறார்கள். அக்கா போன வருடம் மௌத்தாகிவிட்டாள். அவளை வில்லியாக்கிப் பேசுவதும் என் காதில் விழுகிறது. அவள் கேட்டாள், பிறகு சாப்பிட்டாள். இரண்டும் நடந்தது.

படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை யாரிடமாவது சொன்னால் எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள். அற்புதம் எதையும் சேர்க்க வேண்டாம், அக்காவின் கேள்வியை எடுத்துவிடவும் வேண்டாம். கேட்பவர்கள் சாட்சி எங்கே என்றால், ஒரு பெண் சொன்னாள், அவள் மாமியார் நம்பினாள் என்று மட்டும் சொல்லுங்கள்.