பரணில் இருந்த நாவல்

பூம்பாறை மலைக்கிராமத்தில் பூண்டு விவசாயம் பார்க்கும் செலினாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நார்வே, கனடா, மலேசியாவில் இருக்கும், முகம் பார்க்காத மூன்று வாசகிகளோடு, நால்வருக்கும் பிடித்த ஒரே நாவலைத் தபாலில் சுற்றவிட்டு மறுபடி மறுபடி படிக்கிறார். மூடுபனியில் ஈரம் ஏறாமலிருக்க, அடுப்புக்கு மேலே பூண்டு காயும் பரணில் அதை வைப்பார்.

“புத்தகம் ஒரே பூண்டு நாத்தம்க்கா” என்று மலேசியாவிலிருந்து தேவகி போனில் குறைப்பட்டார்.

“நான் என்ன சென்ட் கடையா வச்சிருக்கேன்?” என்று வெடித்தாலும், அடுத்த சுற்றில் பாலித்தீன் பையில் சுற்றி, பீரோவில் பூட்டி வைத்துப் படித்துத்தான் செலினா அனுப்பினார்.

தேவகி மறுபடி கூப்பிட்டார். “என்னக்கா, வாசமே இல்ல? படிக்காமலே அனுப்பிட்டீங்களா?”

செலினாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “படிச்சேன் தாயி. அடுத்த தடவை மூக்கைப் பொத்திக்கிட்டே பிரிங்க!”